சந்தா நடப்பில் இருக்கிறதா?

1980களில் டெல்லியின் ஜனக்புரியில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேசை இழுப்பறையைத் திறந்தால், அந்த வீடு எதற்கெல்லாம் உறுப்பினர் என்று தெரிந்துவிடும். மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் அட்டை, பழைய வானொலி உரிமப் புத்தகம், பிள்ளைகளின் டிடிசி பஸ் பாஸ், நூலகச் சீட்டுகள், தமிழ்ச் சங்கத்தின் ரசீது, சென்னை வார இதழுக்குப் பணம் அனுப்பிய மணியார்டரின் ஒப்புதல் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை, ஒரு தேதி, யாரோ ஒருவரின் சுருக்கொப்பம். இன்று அதே வீட்டில் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. ஆனால் கைபேசியின் சொந்தக்காரரிடம், ‘உங்கள் பெயரில் இப்போது எத்தனை சந்தா ஓடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது.

சந்தா நடப்பில் இருக்கிறதா என்ற கேள்வி பழையதுதான். யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், ‘இல்லை’ என்று பதில் வந்தால் என்ன ஆகிறது என்பவைதான் ஒரு தலைமுறைக்குள் மாறிப்போயின. அன்று அந்தக் கேள்வியை ஒரு குமாஸ்தா மாதத்துக்கு ஒருமுறை கேட்டார். இன்று ஒரு இணையதளத்தின் நிரல், பக்கம் திறக்கும்போதெல்லாம் கேட்கிறது.

ஜனக்புரி இந்த மாற்றத்தைப் பார்க்க நல்ல இடம். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் பங்கா சாலையை ஒட்டிக் கட்டி எழுப்பிய குடியிருப்பு இது. கரோல்பாக் வாடகை அறைகளிலும் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளிலும் இருந்த தமிழர்கள் பலர், சொந்தமாக ஒரு ஃபிளாட் என்று நகரத்தின் மேற்கே நகர்ந்தபோது வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. 1923இல் தொடங்கிய டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோவின் நீலத் தடம் வந்தது. 2018 மே மாதம் கருஞ்சிவப்புத் தடமும் சேர்ந்தது.  மாதச் சம்பளக்காரர்களின் ஊர் என்பதால், எல்லாச் சந்தா முறைகளும் இங்கே வந்து போயிருக்கின்றன.

ராப்பரில் ஒரு சிவப்பு முத்திரை

தமிழ்நாட்டை விட்டு வந்தவர்களுக்குத் தபாலில் வரும் பத்திரிகைதான் ஊரோடு இருந்த தொடர்பு. விகடன், கல்கி, கலைமகள் எல்லாம் சென்னையில் அச்சாகி, ரயிலேறி, டெல்லியில் பிரிந்து, சுருட்டிய ராப்பருடன் ‘நியூ டெல்லி 110058’ வந்து சேரும். டெல்லித் தமிழர்கள் வாங்குவதோடு நிற்கவில்லை, அனுப்பியும் இருக்கிறார்கள். 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ டெல்லியிலிருந்துதான் வெளிவந்தது. அதில் சுஜாதா எழுதிய ‘கடைசிப் பக்க’த்துக்காக மாதா மாதம் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். சிற்றிதழுக்குச் சந்தாதான் உயிர். கடைகளில் தொங்கவிட்டு விற்கும் வசதி அதற்குக் கிடையாது. அதனால் யாருடைய சந்தா எந்த மாதத்தோடு முடிகிறது என்ற கணக்கு, அதில் வரும் கதைகளைவிடக் குறைவான கவனத்தில் இருக்க முடியாது.

அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது. சந்தா எண், பெயர், முகவரி, பணம் வந்த தேதி, முடியும் இதழ். ஒவ்வொரு இதழும் தபாலுக்குப் போகுமுன் ஒருவர் அந்தப் பேரேட்டைப் புரட்டி ராப்பர் எழுத வேண்டும், அல்லது முன்பே அடித்து வைத்த முகவரிச் சீட்டுகளை எடுத்து ஒட்ட வேண்டும். முடிந்துபோன சந்தாவின் சீட்டு கட்டிலிருந்து தனியே போய்விடும். அதுதான் அன்றைய சரிபார்ப்பு. பதிவுபெற்ற பத்திரிகைக்கு அஞ்சல் துறை சலுகைக் கட்டணம்தான் வாங்கியது என்பதால், தபால் செலவு பெரிய பாரமில்லை. காகிதமும் அச்சும்தான் பாரம். பணம் தராதவருக்கு ஒரு பிரதி போனால் அது நேரடி நஷ்டம்.

இருந்தும் சீட்டை உடனே கிழித்துவிட மாட்டார்கள். கடைசி இதழின் ராப்பரில் ‘இவ்விதழுடன் தங்கள் சந்தா முடிவடைகிறது’ என்று சிவப்பு மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழும். பல வருடச் சந்தாதாரர் என்றால், பணம் வராவிட்டாலும் அடுத்த இதழ் போகும். மணியார்டர் தபாலில் இருக்கலாம். அல்லது அவர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கலாம். மணியார்டர் படிவத்தின் அடித்துண்டில் நாலு வரி எழுத இடம் இருந்தது. ‘வீடு மாறிவிட்டோம், இனி சி4 பிளாக்குக்கு அனுப்பவும்’ என்பது முதல் ‘மார்ச் இதழ் வரவில்லை’ என்பது வரை எல்லாம் அந்தத் துண்டில்தான். அதைப் படித்த குமாஸ்தா பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஓரக்குறிப்புக்கு விதி கிடையாது. அவருக்குத் தோன்றியதுதான் விதி.

இதை ரொம்ப மெச்சிக்கொள்ளவும் வேண்டியதில்லை. அதே குமாஸ்தா வேறொருவரின் மணியார்டரைத் தவறான பக்கத்தில் வரவு வைப்பதுண்டு. அந்த வாசகர் மூன்று கடிதம் போட்டுப் பதில் காணாமல் கைவிட்டிருப்பார். தெரிந்தவருக்குச் சலுகை என்றால், தெரியாதவருக்குக் காத்திருப்பு என்று பொருள்.

பூட்டு எங்கே இருந்தது?

பெரும்பாலான சந்தாக்களுக்கு, பணம் கட்டாதவரைத் தடுக்கும் ஒரு பூட்டு உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே சரிபார்ப்பின் குணம் அமைகிறது.

வானொலிக்குப் பூட்டே கிடையாது. அலை எல்லா வீட்டுக்கும் வரும். ஆனாலும் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கொருமுறை அஞ்சலகத்தில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கட்டாதவரைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் வீடு தேடி வந்தால்தான் உண்டு. பிறகு தொலைக்காட்சிக்கும் அதே முறை வந்தது. 1980களின் நடுப்பகுதியில் அரசு இந்த உரிமக் கட்டணத்தையே கைவிட்டது.

நூலகத்தின் பூட்டு அழகானது. பல நூலகங்கள் பின்பற்றிய பிரௌன் முறையில், உறுப்பினருக்குச் சிறு பை போன்ற சீட்டுகள் தருவார்கள். புத்தகம் எடுக்கும்போது புத்தகத்திலுள்ள அட்டை அந்தப் பைக்குள் போய், தேதி வாரியாக மேசையில் நிற்கும். மூன்று சீட்டு உள்ளவர் மூன்று புத்தகம் எடுத்துவிட்டால், நாலாவதற்குக் கையில் சீட்டே இருக்காது. யாரும் எந்தப் பேரேட்டையும் பார்க்க வேண்டியதில்லை. உறுப்பினர் நிலை அவர் கையிலேயே இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1947 முதல் 1955 வரை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவரது ஐந்து விதிகளில் ஒன்று. சரிபார்ப்பவரின் நேரமும் மிச்சமானது இந்தச் சீட்டில்தான்.

தொலைபேசியின் பூட்டு படிப்படியாக விழும். 1986இல் எம்டிஎன்எல் வந்தபின்னும் ஜனக்புரியில் தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிக் கிடைத்த இணைப்பின் பில்லைக் கட்டத் தவறினால் உடனே எல்லாம் அறுந்துவிடாது. முதலில் வெளியே பேசும் வசதி நிற்கும். உள்ளே வரும் அழைப்புகள் ஒலித்துக்கொண்டிருக்கும். சில நாள் கழித்துத்தான் முழு இணைப்பும் போகும். நடப்பில் உள்ளது, நடப்பில் இல்லாதது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கலாம் என்பதை அந்த ஒருவழித் தொலைபேசி சொல்லிக்கொடுத்தது. இணையதள நிரல் எழுதுபவர்கள் பிற்பாடு சிரமப்பட்டுக் கற்றதும் இதைத்தான்.

கம்பியிலிருந்து கார்டுக்கு

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனின் மாநில மொழிப் பட வரிசையில் தமிழின் முறை வருவதற்குக் காத்திருந்த டெல்லி வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஆனால் அது வீட்டுக்குள் வர வேண்டுமானால் கேபிள்காரர் மனம் வைக்க வேண்டும். பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் நாலைந்து தமிழ் வீடுகளுக்காக ஒரு சேனலை ஒதுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. மாதக் கடைசியில் ஒரு பையன் சைக்கிளில் வந்து பணம் வாங்கி, சிறு அட்டையில் அந்த மாதத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவான். பணம் தராவிட்டால் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கழற்றுவான். சரிபார்ப்பு, எச்சரிக்கை, துண்டிப்பு எல்லாம் அந்தப் பையன்தான். எந்த வீட்டில் எத்தனை இணைப்பு என்ற கணக்கு அவன் முதலாளியின் தலைக்குள் இருந்தது. சேனல் நிறுவனங்களுக்கு அந்தக் கணக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் பிறகு வந்த சட்டத்துக்குக் காரணம்.

பெட்டி வழியாகப் பூட்டும் முறை சென்னையில் 2003 செப்டம்பரில் தொடங்கியது. 2006 டிசம்பர் 31 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கு வந்தது. 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, 2012 நவம்பர் முதல் டெல்லி முழுவதும் செட்-டாப் பாக்ஸ் கட்டாயமானது. இதற்கிடையே 2003இல் டிஷ் டிவியும் 2007இல் சன் டைரக்டும் வந்து, டிடிஎச் கிண்ணங்கள் ஃபிளாட் மாடிகளில் வரிசை கட்டி நின்றன. கேபிள்காரர் மனம் வைக்காமலேயே தமிழ்ச் சேனல் வந்தது.

இங்கேதான் சரிபார்ப்பு மனிதரிடமிருந்து இயந்திரத்துக்குக் கைமாறியது. செயற்கைக்கோள் அலை வானொலி அலையைப் போலவே எல்லா வீட்டுக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. ஆனால் குழப்பிவிடப்பட்ட நிலையில் வருகிறது. அதைப் பிரித்துக் காட்டும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் கார்டில், இந்த வீட்டுக்கு இந்தச் சேனல்கள், இந்தத் தேதி வரை என்ற அனுமதி எழுதப்பட்டிருந்தால்தான் அந்தச் சாவி வேலை செய்யும். ரீசார்ஜ் செய்தால் புதிய அனுமதியும் அதே வானிலிருந்து இறங்கி, எண் பொருந்தும் கார்டில் மட்டும் போய் உட்காரும். பெட்டி அணைந்திருந்தால் அந்தச் செய்தி தவறிவிடும். பணம் கட்டியும் படம் வராமல், வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ‘பெட்டியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள், ரிஃப்ரெஷ் அனுப்புகிறோம்’ என்று கேட்காத வீடு இருக்காது. பணம் வந்தது ஓரிடத்துக்குத் தெரியும், அனுமதி வாழ்வது வேறிடத்தில். இரண்டும் ஒத்துப்போகாத அந்த அரைமணி நேரம், இணையதளங்களின் காலத்திலும் வேறு வடிவில் தொடர்கிறது.

ஒரு நொடிக்குள் ஐந்து கேள்வி

1941இல் தொடங்கிய ‘கல்கி’ 2020இல் அச்சு இதழை நிறுத்தி இணையத்துக்குப் போனது. விகடனின் இதழ்களைக் கட்டணம் கட்டி இணையத்தில் படிக்கலாம். சென்னையில் இதழ் வெளியான அதே நேரத்தில் ஜனக்புரியில் ஒருவர் அதைத் திறக்கிறார். ரயிலும் ராப்பரும் போன இடத்தில் இப்போது நிரல் உட்கார்ந்திருக்கிறது.

அது கேட்கும் கேள்விகள் எளியவை. வந்திருப்பவர் உள்நுழைந்தவரா? உள்நுழைந்தவர் என்றால் அவர் எண் என்ன? அந்த எண்ணின் பெயரில் இன்று நடப்பில் உள்ள சந்தாக்கள் எவை? அவர் திறக்கும் பக்கம் எந்தத் திட்டங்களுக்கு உரியது? இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் கட்டுரை முழுதாக விரியும். இல்லையென்றால் இரண்டு பத்தியோடு நின்று, ‘தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்துங்கள்’ என்று வரும். 2003இல் வெளிவந்த இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளங்களுக்கு, மெம்பர்பிரஸ், வூகாமர்ஸ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போன்ற கூடுதல் நிரல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நிரல் எழுதுபவர் ஒற்றை வரியில் ‘இவருடைய நடப்புச் சந்தாக்களைக் கொடு’ என்று கேட்டால் பட்டியல் வந்துவிடும்.

அந்த ஒற்றை வரிக்குள்தான் பழைய பேரேட்டின் அத்தனை சிக்கல்களும் சுருண்டு கிடக்கின்றன. முதல் தவறு, ‘வாங்கினாரா?’ என்று கேட்பது. மூன்று வருடத்துக்கு முன் வாங்கியவரும் வாங்கியவர்தான். அவருக்கு இன்றைய இதழ் திறக்கக் கூடாது. இரண்டாவது தவறு, கடைசியாக உள்ள பதிவை மட்டும் பார்ப்பது. ஒருவர் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறார். நடுவில் தீபாவளி மலருக்காக ஒரு மாதத் திட்டமும் சேர்த்தார், அது காலாவதியானது. கடைசிப் பதிவு ‘முடிந்தது’ என்கிறது. ஆண்டுச் சந்தா உயிரோடு இருக்கும்போதே வாசல் அடைபடுகிறது. எல்லாப் பதிவுகளையும் பார்த்து, ஒன்றாவது நடப்பில் உண்டா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, கடிகாரம். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. மாதக் கடைசி நள்ளிரவில் முடிய வேண்டிய சந்தா, டெல்லியில் 1ஆம் தேதி அதிகாலை ஐந்தரை வரை உயிர்வாழும். அது வாசகருக்கு லாபம். ஆனால் 1ஆம் தேதி தொடங்கும் சந்தாவை வாங்கியவர் அதிகாலையில் எழுந்து திறந்தால், ‘உங்கள் சந்தா இன்னும் தொடங்கவில்லை’ என்று வரும். பேரேட்டில் ஒரு மாதம் முன்பின் பார்த்துக்கொண்ட காலத்தில் இல்லாத துல்லியம் இது. அந்தத் துல்லியமே தொல்லையும் ஆகிறது.

நான்காவது, பூட்டைத் தப்பான இடத்தில் போடுவது. கட்டுரை முழுவதையும் வாசகரின் கணினிக்கு அனுப்பிவிட்டு, மேலே ஒரு திரையை மட்டும் இழுத்து மூடும் தளங்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்த கல்லூரி மாணவர் அந்தத் திரையை அகற்றிவிடுவார். சரிபார்ப்பு சர்வரிலேயே நடந்து, உரிமை இல்லாதவருக்குக் கட்டுரையே புறப்படாமல் இருக்க வேண்டும். வேகத்துக்காகப் பக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைக்கும் வழக்கத்தாலும் இதே ஆபத்து வரும். சந்தாதாரர் ஒருவருக்குத் தயாரான பக்கம் சேமிப்பில் தங்கி, அடுத்து வரும் யாவருக்கும் போய்விடும்.

ஓரக்குறிப்பு விதியானது

வூகாமர்ஸ் சப்ஸ்கிரிப்ஷன்ஸில் ஒரு சந்தாவுக்குப் பல நிலைகள் உண்டு. பணம் வரவேண்டியது, நடப்பில் உள்ளது, நிறுத்தி வைக்கப்பட்டது, ரத்தாகக் காத்திருப்பது, ரத்தானது, காலாவதியானது என்று அது நீளும். இதைப் படிக்கும்போது, பழைய குமாஸ்தா பென்சிலால் எழுதியவை எல்லாம் பெயர் பெற்றுப் பட்டியலில் ஏறியிருப்பது தெரியும். மணியார்டர் வழியில் இருக்கும், ஒரு இதழ் போகட்டும் என்று அவர் விட்டது இன்று சலுகை நாள்கள் என்ற பெயரில் அமைப்புப் பக்கத்தில் ஒரு எண்ணாக இருக்கிறது. ‘இனி வேண்டாம்’ என்று எழுதிய வாசகருக்கும் கட்டிய பணத்துக்குரிய மாதம் வரை இதழ் போனது. அதுதான் ‘ரத்தாகக் காத்திருப்பது’. அந்த நிலையில் உள்ளவரை நிரல் உடனே வெளியே தள்ளினால், அவர் பணம் கொடுத்து வாங்கிய நாள்களைத் திருடுவதாகும்.

மாற்றத்தின் மையம் இங்கே இருக்கிறது. குமாஸ்தாவின் தாட்சண்யம் ஆளுக்கு ஆள் மாறும். எழுதப்பட்ட விதி எல்லோருக்கும் ஒன்று. சந்தாதாரர் யாருக்குத் தெரிந்தவர், எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று நிரலுக்குத் தெரியாது. தெரியாதவர் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நியாயம். ஆனால் யாரும் எழுதாமல் விட்ட தாட்சண்யம் நிரலில் இருக்காது. பணப் பரிமாற்ற நிறுவனத்திடமிருந்து ‘பணம் வந்தது’ என்ற தகவல் நாலு நிமிடம் தாமதமானால், அந்த நாலு நிமிடமும் வாசகர் பணம் கட்டாதவர்தான். யோசித்து எழுதியவர் அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு வழி வைத்திருப்பார். யோசிக்காதவரின் தளத்தில் பணம் கட்டிய மனிதர் குற்றவாளி போல வாசலில் நிற்பார்.

ஆயுள் சந்தா இதற்குச் சரியான சோதனை. சங்கங்களும் சிற்றிதழ்களும் ஒரே தொகையாகப் பணம் திரட்டக் கண்டுபிடித்த பழைய வழி அது. முடியும் தேதி கிடையாது. ஆனால் தரவுத்தளத்தில் முடியும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது? சில மென்பொருள்கள் வரிசையாகச் சுழியங்களை நிரப்பி வைக்கின்றன. விவரம் தெரியாத நிரல் ‘முடியும் தேதி இன்றைக்கு முந்தியதா?’ என்று மட்டும் பார்த்தால், சுழியம் எல்லாத் தேதிக்கும் முந்தியது. ஆகவே ஆயுள் உறுப்பினர்தான் முதலில் வெளியேற்றப்படுவார்.

ஜனக்புரியின் ஓய்வூதியர்களுக்கு இந்தத் தேதி விவகாரம் மருந்தோடு சம்பந்தப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம் 1954 ஜூலையில் டெல்லியில்தான் தொடங்கியது. இதுவும் ஒரு சந்தாதான். பணியில் இருப்பவருக்குச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். 2017 முதல் நிலைக்கேற்ப மாதம் 250 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை. ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கொருமுறை கட்டலாம். பத்து ஆண்டுத் தொகையை ஒரேயடியாகக் கட்டினால் ஆயுள் முழுக்க அட்டை செல்லும். மாதம் 650 ரூபாய் பிரிவில் இருந்தவருக்கு அது 78,000 ரூபாய். ஒருகாலத்தில் டிஸ்பென்சரியில் அட்டையை நீட்டினால் எழுத்தர் அதன் தேதியைக் கண்ணால் பார்ப்பார். பிறகு எண்ணைத் தட்டினால் திரையில் செல்லுபடி நாள் தெரியும் காலம் வந்தது. 2025 ஏப்ரல் 28 முதல், பான் எண்ணை அடிப்படையாகக் கொண்ட புதிய கணினி முறைக்குத் திட்டம் முழுதும் மாறியது. சந்தா கட்டுவதும் அதே தளத்தில்தான்.

ஓய்வூதியமோ இன்னும் ஒருபடி மேலே போய், பெறுபவரே நடப்பில் இருக்கிறாரா என்று ஆண்டுதோறும் கேட்கிறது. நவம்பர் வந்தால் வங்கிக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து, மேலாளர் முன்னால் கையெழுத்திட்டு உயிரோடிருப்பதை நிரூபித்தவர்கள் இந்த ஊர்ப் பெரியவர்கள். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்து விரல் ரேகை போதும் என்றானது. 2021இல் கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பேரன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

பேசாமல் இருந்தால்

இதுவரை சொன்னதில் கேள்வி கேட்பவர்கள் கொடுப்பவர்கள்தான்: பத்திரிகை, நூலகம், கேபிள்காரர், அரசு. கடந்த சில ஆண்டுகளில் கேள்வி நம் பக்கம் திரும்பிவிட்டது.

அன்றைய சந்தா, நாம் ஒன்றும் செய்யாவிட்டால் செத்துவிடும். அஞ்சலகத்துக்குப் போய், படிவம் நிரப்பி, வரிசையில் நின்றால்தான் அடுத்த ஆண்டு. ஆர்வம் போய்விட்ட இதழ் தானாகவே நின்றுவிடும். இன்றைய சந்தா, நாம் ஒன்றும் செய்யாவிட்டால் உயிரோடு இருக்கும். முதல் மாதம் இலவசம் என்று கார்டு எண்ணைக் கொடுத்த படத் தளம், பிள்ளையின் கணக்குப் பாடத்துக்குச் சேர்ந்த செயலி, புகைப்படங்கள் சேமிக்கும் இடம், ஐபிஎல் முடியும்வரை என்று எடுத்த திட்டம் எல்லாம் மாதம் தவறாமல் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் நிரல் நம்மை நொடிக்கு நொடி சரிபார்க்கிறது. நாம் அவற்றைச் சரிபார்ப்பதில்லை.

ரிசர்வ் வங்கி இதைக் கவனித்தது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாக எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அவர் விரும்பினால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சத் தொகை அப்போது 5,000 ரூபாயாகவும், 2022 ஜூன் முதல் 15,000 ரூபாயாகவும் வைக்கப்பட்டது. விதி வந்த மாதத்தில் பல வெளிநாட்டுத் தளங்களின் தானியங்கிப் பிடித்தம் நின்றுபோனது. எதற்கெல்லாம் பணம் போய்க்கொண்டிருந்தது என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபேயிலும், கொடுத்த அனுமதிகளைச் செயலிக்குள்ளேயே பார்த்து ரத்து செய்யலாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சேருவதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் ஒரே சொடுக்கில் விலகும் உரிமைக்காக 2024இல் கொண்டுவந்த விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இந்த விஷயத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை.

சட்டம் வாசலைக் காட்டும். நடந்து வெளியே போக வேண்டியது நாம்தான். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, நடப்பில் உள்ள அனுமதிகளை மாதம் ஒருமுறை பார்ப்பது பழைய சந்தா குமாஸ்தாவின் வேலை. இப்போது அது குடும்பத் தலைவரின் வேலையாகிவிட்டது. சம்பளம் வந்த அன்று அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நிரல் எழுதுபவர்களுக்கும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதில் அவர்கள் காட்டும் அக்கறையில் பாதியை, சந்தாதாரர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று பார்ப்பதிலும் காட்டலாம். கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்ற தேதி அதே தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவருக்கு, ‘நீங்கள் வருவதில்லை, சந்தாவைத் தொடரவா?’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது சில வரி நிரல்தான். சந்தா முடிவதை முன்கூட்டியே சொன்ன பத்திரிகைகள் அதனால் வாசகர்களை இழக்கவில்லை. கேட்டுப் பெற்ற பணம் அடுத்த வருடமும் வந்தது.